விலங்கின் காயமும் வீட்டின் வன்முறையும்

2021 ஜூன் 28ஆம் நாள், கேரளத்தில் நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடலோர ஊராகிய அடிமலத்துறையில் ஒரு நாய் கொல்லப்பட்டது. லாப்ரடார் இனத்தைச் சேர்ந்த அதற்குப் புருனோ என்று பெயர். மீனவக் குடும்பம் ஒன்று பிள்ளைபோல் வளர்த்து வந்த நாய் அது. கரையில் படுத்திருந்த அதனை மூவர் பிடித்து, மீன்பிடி கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டுத் தடிகொண்டு அடித்தனர். உயிர் போனபின் உடலைக் கடலில் எறிந்தனர். அம்மூவருள் ஒருவன் அகவை நிரம்பாத சிறுவன். காணொளி ஊரெங்கும் பரவிய பின்னர் மூவரும் கைது செய்யப்பட்டனர். கேரள உயர்நீதிமன்றத்தில் நீதியரசர்கள் ஏ. கே. ஜெயசங்கரன் நம்பியார், பி. கோபிநாத் ஆகியோர் அடங்கிய அமர்வு தானே முன்வந்து இதனைக் கையில் எடுத்தது. வழக்குக்கு இறந்துபோன நாயின் பெயரையே சூட்டியது.

அடிமலத்துறைக்குக் கிழக்கே, அதே வட்டத்தில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் செங்கல், உதியன்குளங்கரை, பாறசாலைப் பகுதி ஊர்கள் உள்ளன. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் அங்கே இரு மொழியிலும் ஒரே தீர்ப்பு வழங்கப்படும்: இன்று நாயைக் கொன்றவன் நாளை ஆளைக் கொல்வான். கேட்பவர் எவரும் மறுப்பதில்லை. அறச்சினத்தில் பிறந்த சொல்லாதலால் அதனை மறுக்க மனமும் வருவதில்லை. ஆயினும் அது எந்த அளவுக்கு உண்மை என்பதை அறுபது ஆண்டுகளாக உளவியலாளரும் குற்றவியலாளரும் ஆய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்டது ஊர்ச்சொல்லைவிடச் சிக்கலானது. சரியாகப் புரிந்துகொண்டால், ஊர்ச்சொல்லைவிடப் பயனுள்ளது.

ஐரோப்பாவிலும் இக்கருத்து பழையது. 1751இல் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த், கொடுமையின் நான்கு நிலைகளைச் செதுக்கு ஓவியங்களாக வெளியிட்டார். முதற்படத்தில் நாயை வதைக்கும் டாம் நீரோ என்னும் சிறுவன், இரண்டாம் படத்தில் குதிரையை அடிக்கும் வண்டிக்காரன். மூன்றாம் படத்தில் கொலைகாரன். நான்காம் படத்தில் தூக்கிலிடப்பட்டு அறுத்துப் பார்க்கப்படும் பிணம். செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், விலங்கிடம் கொடுமை செய்து பழகியவன் மனிதரிடமும் கடுமையாவான் என்று தம் அறவியல் விரிவுரைகளில் எச்சரித்தார். இவ்விருவர் கூற்றிலும் ஓர் ஏணி இருக்கிறது. விலங்கு முதற்படி, மனிதர் மேற்படி.

இந்த ஏணிக்கு அறிவியல் உடை அணிவித்தவர் ஜே. எம். மெக்டொனால்டு என்னும் உளமருத்துவர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கொலை மிரட்டல் விடுத்த 100 நோயாளரைப் பற்றி 1963இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மிகக் கொடிய சிலரின் இளமையில் மூன்று நடத்தைகள் சேர்ந்து காணப்பட்டதாக அதில் குறித்தார்: சிறு குழந்தைப் பருவம் கடந்தும் உறக்கத்தில் சிறுநீர் கழித்தல், தீ வைத்தல், விலங்குகளை வதைத்தல். மருத்துவமனைப் பட்டறிவிலிருந்து எழுந்த ஒரு கணிப்பே இது. சில ஆண்டுகள் கழித்து அவரே மீண்டும் ஆய்ந்தபோது அதற்கு உறுதியான புள்ளியியல் சான்று கிட்டவில்லை. அதற்குள் அந்த மும்மை திரைப்படத்திலும் குற்றப் புதினத்திலும் புகுந்துவிட்டது. பெரும்பாலும் உடல் வளர்ச்சி சார்ந்த ஒரு சிறு குறைபாட்டால் பாய் நனைக்கும் பிள்ளையைக் கொலைகாரரின் வரிசையில் நிறுத்திய அந்தக் கணிப்பு எத்தனை தாய்மாரை வீணாக அச்சுறுத்தியிருக்கும் என்று எண்ணும்போது, அரைகுறை அறிவியல் செய்யும் தீங்கு புலப்படும்.

1985இல் ஸ்டீபன் கெல்லர்ட், ஆலன் ஃபெல்தவுஸ் ஆகிய இருவரும் கன்சாஸ், கனெக்டிகட் மாநிலங்களில் 152 ஆண்களை நேர்கண்டனர். சிலர் சிறையிலிருந்த கொடுங்குற்றவாளிகள். சிலர் வன்முறை குறைந்த குற்றவாளிகள். சிலர் குற்றமே புரியாதவர்கள். கொடுங்குற்றவாளிகளில் நூற்றுக்கு 25 பேர் இளமையில் ஐந்தோ அதற்கு மேலோ விலங்கு வதைச் செயல்கள் செய்திருந்தனர். மற்றக் குற்றவாளிகளில் அத்தகையோர் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு. குற்றமற்றவரில் ஒருவருமில்லை. இந்த வேறுபாடு பெரிது, ஐயமில்லை. ஆனால் அதே எண்ணை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். கொடுங்குற்றவாளிகளில் நூற்றுக்கு 75 பேர் அத்தகைய வரலாறு இல்லாதவர்கள். ஏணி உண்மையானால் அவர்கள் எந்தப் படி வழியே ஏறினார்கள்?

அந்த ஆய்வின் சிறந்த பகுதி இந்த எண்களில் இல்லை என்பது என் கருத்து. ஏன் செய்தாய் என்று அவர்கள் கேட்டார்கள். கிடைத்த விடைகளை ஒன்பது நோக்கங்களாக வகுத்தார்கள். விலங்கை அடக்க வேண்டி அடித்தவர் உண்டு. அது கடித்ததற்கோ திருடியதற்கோ பழிவாங்கியவர் உண்டு. ஓர் இனத்தின்மீதே வெறுப்புக் கொண்டவர் உண்டு. ஒரு விலங்கை ஏவி மற்றவரைத் தாக்கியவர், தம் கொடுமைத் திறனை விலங்கின்மீது பயின்று கூர்மைப்படுத்தியவர், பிறரைத் திடுக்கிடச் செய்து மகிழ்ந்தவர், இன்னொருவரை நோகடிக்க அவர் வளர்த்த விலங்கைக் கொன்றவர், தம்மை அடித்தவரைத் திருப்பி அடிக்க இயலாமல் வாயில்லா உயிர்மேல் அச்சினத்தை இறக்கியவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. துன்பம் காண்பதையே இன்பமாகக் கொண்ட வதைவெறி அவற்றுள் ஒன்று மட்டுமே. கொடுமை என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் செயலுக்குள் அச்சம், பழி, ஆணவம், இயலாமை எல்லாம் அடங்கியிருக்கின்றன.

நெய்யாற்றின்கரைக் கடலோரம் இதற்குத் தெளிவான சான்று. அடிமலத்துறையை அடுத்த கரைப்பகுதியில் புல்லுவிளை என்னும் ஊர் உள்ளது. 2016 ஆகஸ்டில் அங்கே இரவில் கடற்கரைக்குச் சென்ற ஒரு மூதாட்டியைத் தெருநாய்க் கூட்டம் கடித்துக் கொன்றது. கேரளம் முழுதும் அதிர்ந்தது. தெருநாய்க்கடிக்கு இழப்பீடு வழங்குவது பற்றி ஆராய உச்சநீதிமன்றம் நீதியரசர் சிரிஜகன் தலைமையில் குழு அமைத்ததும் அதே ஆண்டில்தான். அக்காலத்தில் கேரளத்தின் சில இடங்களில் நாய்களைக் கொன்று, பிணங்களைக் கழியில் கட்டித் தூக்கி ஊர்வலமும் சென்றனர். தன் தாயையோ பாட்டியையோ நாய் கொன்ற ஊரில் எழும் சினத்தைப் புரிந்துகொள்ள மறுப்பவர் மனித உளவியலையே மறுப்பவர். கடித்த நாய்க்கு அஞ்சுவதும், வெறிநோய்க்கு அஞ்சுவதும் நோயல்ல. ஆனால் கடித்த நாயைக் கட்டுப்படுத்துவது வேறு, செத்த நாயைக் கழியில் ஏந்தி வெற்றி கொண்டாடுவது வேறு. முன்னதில் தற்காப்பு இருக்கிறது. பின்னதில் கூட்டத்தின் முன் தன் கொடுமையைக் காட்டிப் பெருமை கொள்ளும் வேட்கை இருக்கிறது. ஐந்தாண்டு கழித்து அதே கரையில் இறந்த புருனோ எவரையும் கடித்துத் தின்ற நாயன்று. அச்சத்தையோ பழியையோ அச்செயலுக்குக் காரணமாகக் கூற இடமில்லை.

இனிக் குழந்தைகளைப் பார்ப்போம். ஏனெனில் ஊர்ச்சொல்லின் கூர்முனை அவர்களை நோக்கியே இருக்கிறது. ஓணம் நெருங்கும் வெயிலில் செங்கல் வயல்வரப்புகளில் தும்பிகள் கூட்டமாகப் பறக்கும். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மூச்சடக்கி, குனிந்து, விரலிரண்டை விரித்துப் பின்புறமாக நெருங்கி, வாலைப் பற்றுவான். வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவான். அல்லது ஒரு சிறு கல்லை அதன் கால்களில் கொடுத்துத் தூக்கச் செய்வான். தமிழக-கேரள எல்லையின் இருபுறமும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் விளையாட்டு இது. ஈர்க்குச் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து, அதன் வாயில் மூக்குப்பொடி இடும் விளையாட்டும் அத்தகையதே. இவர்களெல்லாம் கொலைகாரராகிவிடவில்லை. அவர்களுள் பலர் இன்று நல்ல தந்தையர். சிலர் கால்நடை மருத்துவர்களாகவும் இருக்கக் கூடும்.

இத்துறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் அசியோன். சமூகம் ஏற்காத வகையில், வேண்டுமென்றே, தேவையற்ற வலியையோ துன்பத்தையோ சாவையோ ஒரு விலங்குக்கு விளைவித்தலே வதை என்று அவர் வரையறுத்தார். ‘வேண்டுமென்றே’ என்பதும் ‘தேவையற்ற’ என்பதும் இவ்வரையறையின் இரு கால்கள். தும்பி பிடிக்கும் சிறுவனிடம் வலியைத் தரும் நோக்கமில்லை. அதற்கு வலிக்கும் என்ற அறிவே முளைக்கவில்லை. அறியும் ஆவலால் நிகழும் செயல் அது. அருகிலிருக்கும் ஆச்சி, ‘விடுடே, அதுக்கு நோவும்லா’ என்று ஒருமுறை சொன்னால் அவன் முகம் மாறும், நூலை அவிழ்ப்பான். இவ்விடத்தில்தான் நாம் நுண்மையாகக் கவனிக்க வேண்டும். சொன்னபின் முகம் மாறும் பிள்ளை ஒருவன். சொன்னபின் மறைவிடம் தேடிப் போய் அதையே செய்யும் பிள்ளை வேறொருவன். பின்னவன் தனியே செய்கிறான், திரும்பத் திரும்பச் செய்கிறான், பூச்சியில் தொடங்கி நாய்க்குட்டிக்கும் பூனைக்கும் வருகிறான், அவை கதறும்போது நிறுத்துவதில்லை என்றால், அவனுக்கு உதவி தேவை. அமெரிக்க உளமருத்துவக் கழகம் 1987இல் வெளியிட்ட தன் நோய்க்கணிப்புக் கையேட்டில் விலங்கு வதையை நடத்தைக் கோளாற்றின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது இதனால்தான். அறிகுறி என்றுதான் சேர்த்தது, தலைவிதி என்றன்று.

அத்தகைய பிள்ளைகளுள் ஒரு சிறு பகுதியினரிடம் பிறர் துன்பத்துக்கு நெஞ்சு நெகிழாத தன்மை அழுத்தமாகக் காணப்படுகிறது. அஞ்சிய முகத்தின் படத்தைக் காட்டும்போது மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா என்னும் வாதுமை வடிவப் பகுதி பெரும்பாலோரிடம் கிளர்ந்தெழும். இவர்களிடம் அக்கிளர்ச்சி குறைவாக இருப்பதை மூளைப்படங்கள் காட்டியுள்ளன. பிறர் அலறல் நம் கையைத் தடுத்து நிறுத்தும் இயல்பு அவர்களிடம் வலுக்குன்றியிருக்கிறது என்று விளக்குகிறார் உளவியலாளர் ஜேம்ஸ் பிளேர். ஆயினும் மூளை பற்றிய இச்செய்தியைப் பெரிதாக்குவது பிழை. வதைக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நெகிழாத நெஞ்சோடு பிறந்தவரல்லர். அடிபட்ட நெஞ்சோடு வளர்ந்தவர்.

இப்போது ஏணிக் கருத்தையே அசைத்துப் பார்த்த ஆய்வுக்கு வருகிறேன். நான் படித்தவற்றுள் என் எண்ணத்தை மிகவும் மாற்றியது இதுவே. அர்னால்டு அர்லூக் என்னும் சமூகவியலாளரும் ஜாக் லெவின், கார்ட்டர் லூக், அசியோன் ஆகியோரும் 1999இல் இதனை வெளியிட்டனர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1975 முதல் 1986 வரை வழக்குத் தொடுத்த 153 பேரை எடுத்துக்கொண்டனர். அதே தெருவில் வாழ்ந்த, அதே பாலினமும் ஒத்த அகவையும் கொண்ட 153 அண்டைவீட்டாரை ஒப்பீட்டுக்குச் சேர்த்தனர். பிறகு இரு சாராரின் காவல்துறைப் பதிவுகளையும் புரட்டினர். சிறையாளர் வாய்மொழியை நம்பவில்லை, ஏட்டையே நம்பினர். வதைத்தவருள் நூற்றுக்கு 37 பேர் மனிதர்மீது வன்முறைக் குற்றமும் புரிந்திருந்தனர். அண்டைவீட்டாருள் அது 7 பேர்தான். ஐந்து மடங்கு வேறுபாடு. ஊர்ச்சொல் வென்றது என்று எண்ணத் தோன்றும். அடுத்த இரு முடிவுகளைக் கேளுங்கள். வதைத்தவர்கள் திருட்டு, போதைப்பொருள், பொது ஒழுங்குக் குலைவு ஆகிய குற்றங்களிலும் அண்டைவீட்டாரை விஞ்சி நின்றனர். மேலும், விலங்கு வதை மற்றக் குற்றங்களுக்கு முன்னே வந்தது எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே பின்னேயும் வந்திருந்தது.

முதலில் விலங்கு, பிறகு மனிதர் என்ற வரிசையே அங்கு இல்லை. ஒரு மனிதனின் வாழ்வு நிலைகுலையும்போது கொடுமை எல்லாத் திசையிலும் ஒருசேரப் பாய்கிறது: மனைவிமேல், பிள்ளைமேல், அயலார்மேல், நாய்மேல். காய்ச்சல் தானே நோயாகாமல் நோயின் அறிகுறியாக நிற்பதுபோல், விலங்கின் உடம்பில் தெரியும் காயமும் வேறெங்கோ நடப்பதன் அடையாளமாக நிற்கிறது. ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா, ‘இவன் நாளை யாரைக் கொல்வான்?’ என்பதன்று. ‘இந்த வீட்டில் இன்று யார் அடிபடுகிறார்?’ என்பதே.

இந்த வினாவுக்கு விடை தேடியவர்கள் கண்டது நெஞ்சை உறுத்துவது. 1983இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், குழந்தைக் கொடுமைக்காக அரசின் கண்காணிப்பில் இருந்த, வளர்ப்பு விலங்குகளும் கொண்ட 53 குடும்பங்களை ஆய்ந்தனர். பத்தில் ஆறு வீடுகளில் விலங்கும் வதைபட்டிருந்தது. குழந்தை உடலளவில் அடிபட்ட வீடுகளை மட்டும் எண்ணினால் அது நூற்றுக்கு 88. பின்னர் யூட்டா மாநிலத்தில், கணவரின் வன்முறைக்குத் தப்பிக் காப்பகம் வந்த 38 பெண்களை அசியோன் நேர்கண்டார். விலங்கு வளர்த்தவருள் நூற்றுக்கு 71 பேர், தம் கணவர் அவ்விலங்கைத் துன்புறுத்தினார், கொன்றார், அல்லது அவ்வாறு செய்வதாக மிரட்டினார் என்றனர். நாயையோ பூனையையோ விட்டுவிட்டு வர அஞ்சிக் காப்பகம் வருவதையே தள்ளிப்போட்டதாகவும் சிலர் கூறினர். அடி வாங்குவதைப் பொறுத்துக்கொண்டு, வாயில்லா உயிருக்குக் காவலாக அவ்வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அமெரிக்க வீட்டுக் கதை, நம் ஊருக்கு ஏது என்று எவரும் கருத வேண்டாம். செங்கலிலும் கொல்லயிலிலும் பாறசாலையிலும் வாழைத் தோட்டத்துக்கும் மரச்சீனி விளைக்கும் நடுவே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஆடு, நான்கு கோழி, ஒரு பசு என்று பெண்கள் வளர்க்கிறார்கள். குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் குழுவின் கடனில் வாங்கிய ஆடு அவளுக்கு வெறும் துணையன்று. அவள் கையிலுள்ள ஒரே முதல். குடித்துவிட்டு வரும் ஒருவன் அந்த ஆட்டின் காலை முறித்தால், அவன் முறிப்பது அவளுடைய தன்னுரிமையை. பேசாமல் ஒரு செய்தி சொல்கிறான்: அடுத்தது நீ. கெல்லர்ட்டின் பட்டியலில் கண்ட, இன்னொருவரை நோகடிக்க அவர் விலங்கைத் தாக்குதல் என்னும் நோக்கம் இதுதான். இதற்கு மனநோய் தேவையில்லை. அதிகாரம் செலுத்தும் ஆசை போதும்.

நம் சட்டம் இதைக் காணவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நல்ல சட்டம். பெண்ணின் உடலுக்கு மட்டுமன்றி மனத்துக்கு இழைக்கும் கொடுமையையும் அது வன்முறை என்கிறது. அவள் அக்கறை கொண்ட எந்த ஒரு நபரையும் துன்புறுத்துவதாகத் திரும்பத் திரும்ப மிரட்டுவதையும் சேர்த்துக்கொள்கிறது. நபர் என்று எழுதியிருப்பதால் நாயும் ஆடும் அதற்கு வெளியே நிற்கின்றன. ஒரே ஒரு தொடரைச் சேர்த்தால் தீரும் குறை இது.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் முன்வரைவு கொண்டுவந்து போராடியதன் பயனாக, 1960இல் அச்சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அந்தச் சட்டம் முதற்குற்றத்துக்கு விதித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1960இல் ஐம்பது ரூபாய் பெருந்தொகை. புருனோ இறந்த 2021இலும் சட்டநூலில் இருந்தது அதே ஐம்பது ரூபாய். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் விலங்கின் விலையைக் கேட்டது. பத்து ரூபாய் பெறும் விலங்கு ஒரு பிரிவில், ஐம்பது ரூபாய் பெறும் விலங்கு மற்றொரு பிரிவில். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 325ஆம் பிரிவில் விலை பார்ப்பதை விட்டொழித்து, எந்த விலங்கைக் கொன்றாலும் முடமாக்கினாலும் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. இது பெரும் முன்னேற்றம். ஆயினும் அப்பிரிவு பிறர் உடைமைக்குக் கேடு விளைவிக்கும் குற்றத்தின் கீழேயே வைக்கப்பட்டுள்ளது. தன் வீட்டு நாயைத் தானே வதைப்பவனை அது எளிதில் தொடாது. அவனுக்கு எஞ்சுவது பழைய 1960ஆம் ஆண்டுச் சட்டமே.

பிள்ளைக்கு முன் நாய்க்குச் சட்டமா என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டும். 1874இல் நியூயார்க்கில் மேரி எல்லன் என்னும் சிறுமி வளர்ப்புத்தாயிடம் நாள்தோறும் சவுக்கடி பட்டாள். எட்டா வீலர் என்னும் அறப்பணிப்பெண் பல கதவுகளைத் தட்டினார். குழந்தையை மீட்க முன்வந்தவர் ஹென்றி பெர்க். எட்டாண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர். அந்த வழக்கின் பயனாகவே நியூயார்க்கின் குழந்தை வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. விலங்கின் வலியைக் காணப் பழகிய கண்தான் குழந்தையின் வலியையும் முதலில் கண்டது.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு வதை உண்டு. அதில் வெறியும் இல்லை, வெறுப்பும் இல்லை. தமிழகச் சந்தைகளிலிருந்து கேரள இறைச்சிக் கடைகளுக்கு மாடு ஏற்றிய லாரிகள் எல்லை கடந்து போகின்றன. நீர் காட்டாமல், நிற்க இடமின்றி நெருக்கி, களைத்து விழும் மாட்டின் கண்ணில் மிளகாய் தேய்த்து எழுப்பும் கொடுமை பலமுறை வெளிச்சத்துக்கு வந்துள்ளது. அதைச் செய்யும் கூலியாள் வதைவெறியன் அல்லன். ‘இது தொழில்’, ‘முதலாளி சொன்னார்’, ‘எப்படியும் சாகப்போகிற மாடு’ என்று சொல்லிச் சொல்லித் தன் மனச்சான்றை உறங்க வைத்தவன். நல்லவர்களும் இப்படித்தான் கொடுமையில் பங்கேற்கிறார்கள் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விளக்கினார். உறங்கிய மனச்சான்று வேலை முடிந்ததும் தானே விழித்துக்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை. அமெரிக்காவில் 581 மாவட்டங்களின் பதிவுகளை ஆய்ந்த ஏமி ஃபிட்ஸ்ஜெரால்டு குழுவினர், பெரும் இறைச்சி ஆலைகள் இயங்கிய இடங்களில் சில வன்குற்றங்களுக்கான கைதுகள் கூடியிருந்ததை 2009இல் காட்டினர். ஒப்பிடத்தக்க பிற ஆலைகள் இருந்த இடங்களில் அந்த உயர்வு இல்லை. இதனால் இறைச்சிக்கடைக்காரரைக் குற்றவாளியாகப் பார்ப்பது பெரும்பிழை. அவரை அந்த வேலையில் தள்ளி, அதன் உளச்சுமையைத் தனியே சுமக்கவிட்டவர்கள் நாம்.

செங்கலிலிருந்து வடக்கே சிறிது தொலைவில், நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம் இருக்கிறது. 1888இல் நாராயண குரு அங்கே சிவலிங்கம் நிறுவி, சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட உரிமையை மீட்டார். அதே குரு அனுகம்பா தசகம், ஜீவகாருண்ய பஞ்சகம் என்னும் பாடல்களையும் இயற்றினார். மனிதனை மனிதன் இழிவு செய்வதை எதிர்த்த அதே நெஞ்சு உயிர்களின்பால் இரக்கத்தையும் பாடியது தற்செயல் அன்று. இரக்கத்தைத் துண்டுபோட இயலாது என்பதை ஆய்வாளர் எண்களால் காட்டுவதற்கு நெடுநாள் முன்பே இந்த ஆற்றங்கரை அறிந்திருந்தது.

ஆக, இவ்வறிவை வைத்து ஓர் ஊராட்சி என்ன செய்யலாம்? புதிய கட்டடம் வேண்டாம். அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு 2016 முதல் விலங்கு வதையைத் தனிக் குற்ற வகையாகப் பதிவு செய்கிறது. நம் காவல் நிலையங்களும் அவ்வாறு பிரித்து எழுதலாம். கால்நடை மருத்துவமனைக்கு ஒரே வீட்டிலிருந்து மூன்றாம் முறையாக எலும்பு முறிந்த நாய் வருமானால், மருத்துவர் அந்த வீட்டு நலம் பற்றி ஆஷா பணியாளரிடம் ஒரு சொல் கேட்கலாம். ஒரு பிள்ளை பூனைக்குட்டியைக் கிணற்றில் போட்டதாகச் செய்தி வந்தால், பள்ளி ஆசிரியர் பிரம்பை எடுக்கும் முன் அப்பிள்ளையைத் தனியே அமர்த்தி, ‘வீட்டில் உன்னை யாராவது அடிக்கிறார்களா?’ என்று மெல்லக் கேட்கலாம். அவனை அடித்துத் திருத்த முயல்வது, அவன் கற்ற பாடத்தையே மீண்டும் நடத்துவதாகும். பெண்கள், குழந்தைகள் நலம் காக்கக் கேரள ஊராட்சிகளில் ஜாக்ரதா சமிதி இருக்கிறது. அதன் கூட்டத்தில் கால்நடை மருத்துவருக்கும் ஓர் இருக்கை போடலாம். மாவட்டந்தோறும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அச்சங்கத்தாரும் குழந்தைகள் நலக் குழுவினரும் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைக்கும் பழக்கம் வந்தாலே போதும்.

படிக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அண்டை வீட்டில் நாயின் அலறல் நாள்தோறும் கேட்கிறதா? ஒரு சிறுவன் மறைவில் உயிர்களை வதைப்பதைக் கண்டீர்களா? காணொளி எடுத்துப் பரப்பி அவன் முகத்தை ஊருக்குக் காட்டாதீர்கள். கொலைகாரன் என்று முத்திரையும் குத்தாதீர்கள். அந்த வீட்டில் ஒரு பெண்ணோ குழந்தையோ உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கக் கூடும். குழந்தைகள் உதவி எண் 1098. பெண்கள் உதவி எண் 181. இரண்டும் கட்டணமின்றி அழைக்கத்தக்கவை.